பனிக்கால மரங்கள்: வண்ணமா? கறுப்பு வெள்ளையா?

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

இலையுதிர்ந்து நிற்கும் பனிக்கால மரத்தைப் படம் எடுப்பதானால் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும் என்றொரு கருத்து ஒளிப்படம் பயில்வோரிடையே நிலைபெற்றிருக்கிறது. தரையெல்லாம் வெண்பனி, வானம் சாம்பல், மரமோ இவ்விரண்டுக்கும் நடுவே கரிய கோடு. இயற்கையே வண்ணத்தைத் துறந்து நிற்கும்போது படம் எடுப்பவனுக்கு மட்டும் வண்ணம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் இது பாதி உண்மை என்பதே என் எண்ணம். பனிக்காலத்தில் வண்ணம் அழிந்துவிடுவதில்லை; குறைகிறது, அவ்வளவே. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேசுவது நம் காதில் விழாது. ஆளரவமற்ற கோயில் பிரகாரத்தில் ஒருவர் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறோம். பனிக்கால மரத்தில் எஞ்சியிருக்கும் சிறிதளவு வண்ணமும் அத்தகையதே. அதை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதை ஒவ்வொரு மரத்தின் முன்னும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வெண்பனியே காணாத ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். என் பெரியப்பா மகன் ஸ்ரீநகரில் அரசுப் பணியில் இருக்கிறார். 2025 ஜனவரித் திங்களில் அவர் வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. டிசம்பர் 21 முதல் ஜனவரி முடிய உள்ள நாற்பது நாட்களைக் காஷ்மீரத்தார் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். கடுங்குளிர் நாற்பது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதன்பின் இருபது நாள் சின்னக் குளிர். அதற்கும் பின் பத்து நாள் குழந்தைக் குளிர். குளிருக்கும் குடும்பம் வைத்திருக்கும் மக்கள்! சுற்றுலா வருவோர் சினார் மரங்கள் செந்தீயாகச் சிவக்கும் இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். இலைகள் போனபின் அம்மரங்களை ஏறெடுத்துப் பார்ப்பார் மிகச் சிலரே. நான் சென்றது அந்தப் பருவத்தில்தான்.

மூவகை மரங்கள்

ஸ்ரீநகரில் நான் கண்டவை பெரும்பாலும் மூவகை. முதலாவது சினார். அகன்ற அடிமரம், பட்டை தகடு தகடாக உரிந்து விழும். உரிந்த இடம் பாலேட்டின் நிறத்திலும், சற்றுப் பழைய இடம் ஆலிவ் பச்சையிலும், இன்னும் பழையது சாம்பலிலுமாக ஒரே மரத்தில் மூன்று நிறம் காணலாம். கிளைகளில் உருண்டையான காய்கள் பனிக்காலம் முழுதும் தொங்கிக்கொண்டிருக்கும். தால் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள நசீம் பாக் மொகலாயர் கால வரலாறு கொண்ட சினார்த் தோப்பு. இன்று அது காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்தினுள் இருக்கிறது. மாணவர்கள் நடமாடும் இடத்தில் இத்தகைய மரங்கள் நிற்பதைக் கண்டபோது நம் கல்லூரி வேப்பமரங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இரண்டாவது பாப்ளர். ஈட்டிபோல் நேராக உயர்ந்து வரிசை வரிசையாக நிற்பது. ‘ரஷ்ய பாப்ளர்’ என்று அங்கு எல்லோரும் சொல்லும் வகை உண்மையில் அமெரிக்காவைச் சேர்ந்ததாம். பெயர் ஒரு நாடு, பிறப்பு ஒரு நாடு, பிழைப்பு ஒரு நாடு.

மூன்றாவது வில்லோ. நம் ஊர்த் தெருக்களில் பிள்ளைகள் பிடிக்கும் ‘காஷ்மீர் வில்லோ’ மட்டை இந்த மரத்தின் பிள்ளைதான். ஏரிக்கரையில் தலை வெட்டப்பட்டு நிற்கும் வில்லோவின் அடிமரம் கருத்திருந்தாலும், அதன் தலையிலிருந்து கிளம்பும் இளங்கிளைகள் மஞ்சள் கலந்த செம்பழுப்பாக இருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் கரை நெடுகிலும் யாரோ மெல்லிய தணலை ஊதிவிட்டதுபோல் தோன்றும்.

இவற்றுள் பாப்ளர் வரிசை எனக்கு அதிகச் சிக்கல் தரவில்லை. மூடுபனியில் முன்வரிசை கருமையாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படியும் நின்றது. அங்கே இருந்ததெல்லாம் ஒளியின் ஏற்ற இறக்கமே. நடுவே ஒரு வீட்டின் தகரக் கூரை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. வண்ணப்படத்தில் கண் நேரே அந்தக் கூரைக்குத்தான் போகும். மரங்கள் கூரைக்குத் திரைச்சீலை ஆகிவிடும். கறுப்பு வெள்ளையில் கூரை அடங்கிப்போய், பாப்ளர்கள் படத்தைத் தமதாக்கிக்கொண்டன. சிக்கலைத் தந்தது வில்லோதான்.

ஒரு சிறு கணக்கு

வில்லோவைப் பற்றிச் சொல்ல ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. கணக்கு என்றதும் கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், பெருக்கலும் கூட்டலும்தான்.

எண்ணிமக் கேமரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகப் பதிவு செய்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மூன்றையும் சமமாகக் கூட்டி வகுப்பதில்லை. நம் கண் பச்சையைப் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்வதால், சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59 விழுக்காடு, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த முறையிலிருந்து வந்த வாய்பாடு இது. இன்றும் பல மென்பொருள்களில் வழங்குகிறது.

இப்போது வில்லோக் கிளை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சிவப்பு 170, பச்சை 105, நீலம் 50 என்றிருக்கட்டும். அதன் பின்னே மாலை நேரத்து நீலச் சாம்பல் மலை: சிவப்பு 100, பச்சை 120, நீலம் 150. கிளைக்கு 51, 62, 5.5 என்று கூட்டினால் ஏறத்தாழ 118 வருகிறது. மலைக்கு 30, 70.8, 16.5 என்று கூட்டினால் ஏறத்தாழ 117. ஆக, கண்ணுக்கு நெருப்பும் நீருமாக வேறுபட்டு நின்ற இரண்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. வில்லோ காணாமல் போகிறது! நாம் எடுத்தது மரத்தின் படம். கிடைப்பதோ வெறும் மலையின் படம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சிவப்பு எண்ணை மட்டும் வைத்துப் படம் ஆக்கினால் கிளை 170, மலை 100. கருத்த மலையின்மேல் வெளிறிய கிளை தெரியும். நீல எண்ணை மட்டும் வைத்தால் கிளை 50, மலை 150. வெளிறிய மலையின்மேல் கருங்கிளை தெரியும். படச்சுருள் காலத்தில் இதையே லென்சின் முன் நிறக் கண்ணாடி பொருத்திச் செய்தார்கள். ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ‘ஹாஃப் டோம்’ மலையை எடுக்கச் சென்றபோது முதலில் மஞ்சள் கண்ணாடியும், பிறகு அடர்சிவப்புக் கண்ணாடியும் பொருத்தி எடுத்தார். இரண்டாவதில் நீல வானம் ஏறத்தாழக் கறுத்து, மலை எழுந்து நின்றது. அவர் புகழ் தொடங்கியதே அந்தப் படத்தில்தான் என்பார்கள்.

ஆனால் வில்லோ நெருப்புப்போல் இருந்தது என்பதே நாம் சொல்ல விரும்பிய செய்தி எனில், வெள்ளைக் கிளையும் அதைச் சொல்லாது. கறுப்புக் கிளையும் சொல்லாது. எனவே நான் கைக்கொண்ட முறை இது: மரத்தின் முன் நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்க்கிறேன். பாதி மூடிய கண்ணுக்கு நிறம் மங்கி ஒளி வேறுபாடே மிகுந்து தெரியும். அப்போதும் மரம் பின்புலத்திலிருந்து பிரிந்து நின்றால் கறுப்பு வெள்ளை. மரம் மறைந்துபோனால் வண்ணம். கேமராவில் கறுப்பு வெள்ளையாகத் திரையில் காட்டிக்கொண்டே வண்ண விவரம் முழுதையும் ‘ரா’ கோப்பில் சேமிக்கும் வசதி உண்டு. அப்படியிருக்க அங்கேயே ஏன் தீர்மானிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் எங்கே நிற்பது, எந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்பவற்றை வீட்டுக்கு வந்து செய்ய முடியாதே!

எந்த நாளில் எது?

நேரத்தைப் பற்றிச் சொன்னேன். வெயில் காயும் நாளே வண்ணப்படத்துக்கு ஏற்றது என்று பலரும் எண்ணுகிறார்கள். பனிக்கால மரத்துக்கு நேர்மாறு. பனி உருகி நனைந்த பட்டையைப் பாருங்கள். நீர்ப்படலம் மேற்பரப்பில் ஒளி சிதறுவதைக் குறைப்பதால் பட்டையின் நிறம் அடர்ந்து தெரியும். அதனோடு மேகம் மூடியிருந்தால் பளபளப்பும் கடும் நிழலும் இரா. சினாரின் ஆலிவ் பச்சையும் பாலேட்டு நிறமும் அன்றுதான் முழுமையாகக் கிடைக்கும். மப்பும் ஈரமுமான நாள் வண்ணத்துக்கு உரிய நாள்.

வெயில் நாளோ கறுப்பு வெள்ளைக்கு உரியது. ஸ்ரீநகர் வடக்கு அட்சரேகை 34 பாகையில் உள்ளது. ஜனவரி முற்பகுதியில் சூரியன் நில நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 22 பாகையில் இருக்கும். ஆதலின் நண்பகலிலும் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் எழுவதில்லை. அதே நாளில் திருச்சியில் 57 பாகை. நாள் முழுதும் சாய்ந்த ஒளி கிடைப்பதால் ஒவ்வொரு மரமும் தன் உயரத்தைவிட நீண்ட நிழலைப் பனியின்மேல் விரித்துக்கொண்டு நிற்கிறது. மரம் ஒன்று, அதன் எழுத்துப் பிரதி ஒன்று.

அந்த நிழல் நீலமாக இருக்கும். சூரிய ஒளி எட்டாத அவ்விடத்துக்கு வானத்தின் ஒளி மட்டுமே எட்டுகிறது. வானத்தின் ஒளி நீலம். ராலே சிதறலைப் பாடமாகப் படித்தவன் அதை ஒரு மரத்தடியில் தரையில் விரித்துக் கண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. கேமரா தானாகவே இந்த நீலத்தைத் திருத்த முனையும். முற்றிலும் திருத்திவிட்டால் படத்திலிருந்து குளிரும் போய்விடுகிறது. வண்ணத்தில் எடுப்போர் கொஞ்சம் நீலத்தை விட்டுவைப்பது நலம்.

எந்த வகையில் எடுத்தாலும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. கேமராவின் ஒளிமானி உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நம்புவது. வெண்பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஒன்று முதல் இரண்டு படி வரை ஒளியைக் கூட்டிக் கொடுத்தால்தான் பனி வெள்ளையாகும். பனி சிறு பகுதியாக இருந்தால் இவ்வளவு தேவையில்லை.

முன் சென்றவர்கள்

காஷ்மீர மரங்களைப் படமாக்கியவர்களில் முந்தியவர் ஒருவர் சாமுவேல் போர்ன். 1864-இல் அவர் எடுத்த ஸ்ரீநகர் பாப்ளர்ச் சாலைப் படம் புகழ்பெற்றது. அவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. அக்காலக் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையும் அதற்கப்பாற்பட்டதையும் மட்டுமே உணரும். சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு இருட்டு. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து பச்சையையும் உணரச் செய்யும் வழியைக் கண்டார். 1907-இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடும், 1935-இல் கோடாக்குரோம் சுருளும் விற்பனைக்கு வந்தன. அதன்பிறகே ‘எது?’ என்ற கேள்வி பிறந்தது எனலாம்.

கேள்வி பிறந்தும் நெடுங்காலம் கலை என்றால் கறுப்பு வெள்ளை, வண்ணம் என்றால் விளம்பரம் என்ற மனப்பான்மை நீங்கவில்லை. ஆடம்ஸ் 1948-இல் எடுத்த யோசெமிட்டி ஓக் மரத்தில் கிளைகள்தோறும் பனி ஏறி, மரமே வெள்ளைப் பவளமாக நிற்கிறது. அதில் வண்ணத்துக்கு வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கரான எலியட் போர்ட்டர், மருத்துவப் பட்டம் பெற்றும் படக்கலைக்கு வந்தவர், காடுகளை வண்ணத்தில் எடுத்து 1962-இல் சியெரா கிளப் வழியாக ஒரு நூல் வெளியிட்டார். பளிச்சென்ற வண்ணங்களை விட்டு, ஈரப்பட்டை, பாசி, மங்கிய இலை இவற்றின் தாழ்ந்த குரலைக் கேட்டவர் அவர். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனிவெளியில் தனித்து நிற்கும் மரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவரும் மைக்கேல் கென்னாவை இன்று மிகப் பலர் பின்பற்றுகிறார்கள். பின்பற்றுவோரின் படங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருப்பது வேறு விஷயம்.

நம் நாட்டவரான ரகுபீர் சிங் (1942–1999) இதில் தனி நிலை எடுத்தவர். கறுப்பு வெள்ளை மேலைநாட்டார் மனநிலைக்கு உரியது, இந்தியக் கண்ணுக்கு வண்ணமே இயல்பு என்று வாதிட்டவர். 1983-இல் காஷ்மீரத்தைப் பற்றிய அவரது வண்ண நூல் வெளிவந்தது. அவர் வாதத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. அஜந்தாவில் வண்ணம் தீட்டிய இதே நாட்டில்தான் பெண்கள் வெள்ளை மாவினால் வாசலில் கோலமும் இடுகிறார்கள். ஆனாலும் வண்ணத்தை மலிவு என்று ஒதுக்கக் கூடாது என்பதில் அவர் பக்கமே நிற்பேன். அதற்குக் காரணம் நூலில் படித்தது அன்று, ஏரிக்கரையில் கண்டது.

பட்ட மரம்

ஏரிக்கரைச் சாலையோரம் இரண்டு சினார்கள் அருகருகே நின்றன. கிளை அமைப்பில் இரண்டும் உடன்பிறந்தவைபோல் இருந்தன. இரட்டை மரம் என்ற அமைப்பு பிடித்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பக்கம் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் முதிய தோட்டக்காரர் ஒருவர் அருகே வந்து கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார். அண்ணன் அவரைச் ‘சாச்சா’ என்றழைத்து வணக்கம் சொன்னார். பெரியவர் திரையைக் காட்டி ஏதோ கேட்க, அண்ணன் மொழிபெயர்த்தார்.

“தம்பி, இந்தப் படத்தில் எது பட்ட மரம் என்று கேட்கிறார்.”

“பட்ட மரமா? இதிலா, அண்ணா?”

திரையில் இரண்டும் ஒன்றுதான்: கரிய கிளைகள், வெளிறிய வானம். நான் நிமிர்ந்து மரங்களைப் பார்த்தேன். இடப்புற மரத்தில் பட்டை மூன்று நிறமாக இருந்தது, கிளை நுனிகளில் செம்பழுப்பு மொட்டுகள், காய்கள் தொங்கின. வலப்புறத்தது தலை முதல் அடி வரை ஒரே சாம்பல். பெரியவர் இடப்புற மரத்தின் தாழ்ந்த சுள்ளி ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பசுமை. மற்றதைக் கீறினார். உள்ளே மக்கிய பழுப்பு.

நம் மொழியில் இலையுதிர்ந்த மரம் வேறு, பட்ட மரம் வேறு. வசந்தத்தில் தளிர்க்கும் என்ற நம்பிக்கை முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வேற்றுமை ஒரேயடியாக மறைந்துவிடுகிறது. ‘தனிமை’, ‘மரணம்’ என்றெல்லாம் தலைப்பிட்டுக் கண்காட்சிகளில் தொங்கும் பனிக்கால மரப் படங்களில் பெரும்பாலானவை நல்ல உயிரோடிருக்கும் மரங்களின் படங்களே. மரத்துக்கு அது பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் அழகுணர்ச்சி பற்றிய வழக்கு அன்று. காஷ்மீரத்தில் சினாரை அரசின் அனுமதியின்றி வெட்டலாகாது. 2025-இல் அங்கு இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சினார்களின் இருப்பிடத்தைக் குறித்துக் கணக்கெடுத்து, கியூ.ஆர். குறியிட்ட தகடுகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். வயது, உயரம், சுற்றளவு, நலம் இவையெல்லாம் அதில் பதிவு. ஒரு மரம் இருக்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்பதற்குப் படம் ஒரு சான்று. பட்டுவிட்டது என்று சொல்லி ஒரு மரத்தைச் சாய்க்க எண்ணுபவருக்குப் பனிக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தைவிட வசதியான சாட்சி வேறு கிடைக்குமா? சான்றாகும் படத்தில் மொட்டின் நிறமும் பட்டையின் நிறமும் கட்டாயம் இருக்க வேண்டும். உருவத்தைப் பேசும் படத்துக்கு அந்தக் கடமை இல்லை.

அதே இரு மரங்களை மறுநாள் மேகம் மூடிய காலையில் வண்ணத்தில் எடுத்தேன். அழகில் முந்தைய படத்துக்கு அது நிகரில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் ஒரு நீலப் பலகை கண்ணை உறுத்துகிறது. பனி அழுக்காக இருக்கிறது. ஆனால் எது இருக்கும் மரம், எது போன மரம் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

நம் பக்கத்திலும்

வெண்பனி இல்லாவிட்டாலும் இலையற்ற மரம் நமக்கும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் முதுமலைப் பக்கம் சென்றால் தேக்கு இலை உதிர்த்து நிற்பதைக் காணலாம். இலவ மரம் இலையெல்லாம் போனபின் சிவந்த பூக்களை மட்டும் தாங்கி நிற்கும். அதன் பூவும் பின்னே உள்ள வானமும் மேற்சொன்ன கணக்கில் என்னவாகும் என்று போட்டுப் பார்க்க விரும்புவோர் கைப்பேசியிலேயே எடுத்துச் சோதிக்கலாம். பாதி மூடிய கண் சோதனையையும் செய்து பாருங்கள்.

அச்சிடுவது பற்றி ஒன்று. பல கூடங்களில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத் தாளிலேயே அச்சிடுகிறார்கள். அப்போது பனியில் மெல்லிய பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். முதலில் சிறிய அளவில் ஒன்று போட்டு, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்து, நிறம் ஏறாமல் இருந்தால் மட்டும் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். பாப்ளர் வரிசையை அவ்வாறு பெரிதாக்கித் துறைக் கண்காட்சிக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு சினார்களின் வண்ணப்படத்தை, எடுத்த நாளைப் பின்புறம் குறித்து, அண்ணன் மூலம் பெரியவரிடம் சேர்ப்பித்தேன். இடப்புறத்து மரம் ஏப்ரலில் தளிர்த்ததும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அண்ணனைக் கேட்டுக்கொண்டேன், வண்ணத்தில்.